தோல் மண்டியும் துணிகர முதலீடும்

சென்னையில் மத்திய கைலாஷ் சந்திப்பிலிருந்து கிண்டி நோக்கிப் போகிறவர் சர்தார் படேல் சாலையில் இரண்டு வாசல்களைக் கடந்தாக வேண்டும். ஒன்று மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம். ஊர்க்காரர்கள் வாயில் சி.எல்.ஆர்.ஐ. இன்னொன்று ஐஐடி. முதலாவதற்கு அடிக்கல் நாட்டியது 1948 ஏப்ரலில். இரண்டாவது 1959இல் வந்தது. பஸ்ஸில் போகிறவருக்கு இரண்டுமே மரங்களுக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடக்கும் மத்திய அரசு வளாகங்கள்தாம். ஆனால் ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஒன்றைக் காசு கொடுத்து வாங்கும் சரக்காக மாற்றுவது எப்படி என்ற கேள்விக்கு இந்த இரண்டு வளாகங்களும் கொடுத்த பதில்கள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் போகின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இப்போது ஒரு காரணமும் இருக்கிறது.

விஞ்ஞானியையும் முதலீட்டாளரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்ற நம்பிக்கை இன்று பரவலாகிவிட்டது. தி.நகர் ஓட்டல்களின் கூட்ட அரங்குகளில் ‘டெமோ டே’ நடக்கிறது. தரமணியில் ‘பிட்ச்’ நடக்கிறது. 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஆராய்ச்சியைத் தொழிலாக்க 1 லட்சம் கோடி ரூபாய் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தது. பணம் நேராக ஆய்வுக்கூடத்துக்குப் போகாது. இரண்டாம் அடுக்கில் இருக்கும் நிதி மேலாளர்கள் வழியாக, நீண்டகாலக் கடனாகவோ பங்காகவோ நிறுவனங்களுக்குப் போகும். அதாவது அரசும் ஐஐடிப் பாதையையே பொதுப்பாதையாக எடுத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு இதில் ஒரு சந்தேகம் உண்டு. அறிமுகம் செய்துவைப்பது சின்ன வேலை. பணம் போடுகிறவர் யார், அவருக்கு அந்தக் கண்டுபிடிப்பால் என்ன ஆக வேண்டும் என்பதுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இந்த இரண்டு வளாகங்களின் கதையும் அதைத்தான் காட்டுகிறது.

அதற்கு முன் உள்ளூர்ப் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மயிலாப்பூரில் 1872இல் தொடங்கிய இந்து பெர்மனென்ட் ஃபண்ட் இன்றும் நடக்கிறது. உறுப்பினரிடம் வாங்கி உறுப்பினருக்கே நகைமேலும் வீட்டுப் பத்திரத்தின்மேலும் கடன் கொடுப்பது இத்தகைய ‘நிதி’களின் வழக்கம். 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி என்ற தனியார் வங்கி திவாலானபோது இந்த ஊரின் பென்ஷன்காரர்களும் வக்கீல்களும் விதவைகளும் போட்டிருந்த பணம் அதோடு போயிற்று. அந்த அடியில்தான் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று, நகரத்தார் முதலும் சேர்ந்து, 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி கதவைத் திறந்தது. தென்சென்னைக் குடும்பங்களில் சேமிப்பு என்றால் தங்கம், மனை, வைப்புநிதி என்று ஆனதற்கு அந்தத் திவால் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ராக்கெட் எஞ்சினுக்குப் பணம் தேடிய ஒருவர் மாடவீதிகளில் கதவு தட்டியிருந்தால் காபி கிடைத்திருக்கும், காசோலை கிடைத்திருக்காது. சென்னை ஏஞ்சல்ஸ் மாதிரி ஒரு முதலீட்டாளர் வட்டம் இங்கே அமைய 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சி.எல்.ஆர்.ஐ.க்கு இந்தக் கதவுகள் எதுவும் தேவைப்படவில்லை. அதற்கான பணம் பெரியமேட்டிலும் பல்லாவரத்திலும் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியிலும் இருந்தது. அங்கே தோல் பதனிடுகிறவர்கள் ஏற்கெனவே தலைமுறை தலைமுறையாகத் தொழிலில் இருந்தார்கள். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதப்படுத்திய ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் மதராஸிலிருந்து லண்டன் சந்தைக்குக் கப்பலேறிய காலம் அது. குரோம் உப்பால் பதனிடும் முறையை இந்த ஊரில் ஊன்றியவர் ஆல்பிரட் சாட்டர்டன். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசு வேலையில் இருந்துகொண்டே அதைச் சோதித்துப் பார்த்தார். அந்த முயற்சிகளைத் தொடர்ந்து எழுந்த குரோம் லெதர் கம்பெனியின் பெயரில்தான் குரோம்பேட்டை இன்றும் இருக்கிறது. ஆய்வு முன்னால், ஆலை பின்னால் என்ற வரிசை இங்கே புதிதல்ல.

1958இல் இயக்குநர் பொறுப்பேற்ற ய. நாயுடம்மா இந்த வரிசையை ஒரு ஏற்பாடாகவே ஆக்கினார். குண்டூர் மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்து, காசியில் வேதியியல் தொழில்நுட்பம் படித்து, அமெரிக்காவில் லீஹாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். அவர் செய்த முக்கியமான காரியம், தொழிலையும் படிப்பையும் ஆய்வையும் ஒரே கூரைக்கீழ் கொண்டுவந்ததுதான். இன்றைய அண்ணா பல்கலைக்கழகத்தின் தோல் தொழில்நுட்பப் பாடம் சி.எல்.ஆர்.ஐ. வளாகத்துக்குள்ளேயே நடக்கிறது. டேனரி முதலாளியின் மகன் அங்கே மாணவனாக நுழைவான். நான்கைந்து வருஷம் கழித்து வாடிக்கையாளனாகத் திரும்பி வருவான். தனக்குப் பாடம் சொன்ன விஞ்ஞானியிடம் ‘சார், இந்த லாட்டில் கிரெயின் உடைகிறது, வந்து பாருங்கள்’ என்று போன் செய்வான். இதைவிட நல்ல அறிமுகத்தை எந்த மாநாடும் செய்துவைக்க முடியாது. ஆண்டுதோறும் ஆராய்ச்சியாளர்களும் தொழிற்காரர்களும் கூடும் ‘லெரிக்’ கூட்டமும் இந்தப் பழக்கத்திலிருந்து வந்ததே. இப்போது அது நந்தம்பாக்கத்தில் நடக்கும் சர்வதேசத் தோல் கண்காட்சியை ஒட்டி ஜனவரி, பிப்ரவரி வாக்கில் நடக்கிறது.

இந்த உறவு எந்த மேசையில் முடிவாகிறது என்று பார்க்க வேண்டும். புது முறை ஒன்றை டேனரிக்காரரிடம் விற்க விஞ்ஞானிகள் படம் போட்டுக் காட்டுவதில்லை. ஒரே தோலை முதுகெலும்பு வாட்டத்தில் இரண்டாக அறுப்பார்கள். இடப்பாதி பழைய முறையில், வலப்பாதி புது முறையில், தனித்தனி டிரம்மில் சுழலும். ஒரே மாட்டின் தோல் என்பதால் மேய்ச்சல், வயது, உண்ணி கடித்த தழும்பு என்று எந்தச் சாக்கும் சொல்ல முடியாது. வெளியே எடுத்ததும் மேஸ்திரி ஓரத்தில் ஒரு துண்டு நறுக்குவார். வெட்டுவாயில் நடுவரை குரோமின் நீலம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார். அதைக் கொதிக்கும் தண்ணீரில் போடுவார். சுருங்கினால் பதம் ஏறவில்லை, பேச்சு முடிந்தது. சுருங்காவிட்டால் முதலாளி முன்னால் வந்து கட்டைவிரலால் அழுத்தி, மடித்து, சுருக்கம் எப்படி விழுகிறது என்று பார்ப்பார். அப்புறம் ஒரே கேள்வி: சதுர அடிக்கு எவ்வளவு குறையும்?

அந்தக் கேள்விதான் சி.எல்.ஆர்.ஐ. விஞ்ஞானியின் நாக்கைப் பழக்கியது. வழக்கமான குரோம் பதத்தில் போடும் குரோமில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் தோல் பிடித்துக்கொள்கிறது. மிச்சம் கழிவுநீரோடு ஓடுகிறது. ஆய்வுக் கட்டுரையில் இது சுற்றுச்சூழல் பிரச்சினை. டேனரிக்காரரிடம் பேசும்போது அதே விஷயம், காசு கொடுத்து வாங்கிய ரசாயனம் சாக்கடைக்குப் போகிறது என்று ஆகிறது. பின்னாளில் சி.எல்.ஆர்.ஐ. உருவாக்கிய நீரில்லாக் குரோம் பதனீட்டு முறை நாட்டின் பல டேனரிகளுக்குப் பரவியதற்கு இந்த மொழிதான் காரணம். தண்ணீரில்லாமலே குரோம் ஏறும் என்பது விஞ்ஞானிக்குப் பெருமை. பிக்கிள் போட வேண்டாம், அதற்கான உப்பும் அமிலமும் மிச்சம் என்பது வாங்குகிறவருக்கு லாபம்.

இந்த ஏற்பாட்டில் கண்டுபிடிப்பு யாருக்கும் தனிச்சொத்து ஆகவில்லை. 1953இல் மத்திய அரசு தொடங்கிய தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகம் ஆய்வுக்கூடத்துச் சரக்கை உரிமம் கொடுத்து விற்பதற்கென்றே உண்டானது. சிறிய கட்டணம், சிறிய ராயல்டி, பலருக்கு உரிமம் என்பதே அந்தக் காலத்துப் பொது நடைமுறை. ஆம்பூரில் ஒருவர் வாங்கினால் அடுத்த மாதம் பக்கத்து டேனரியின் மேஸ்திரிக்கும் அது தெரிந்துவிடும். மேஸ்திரிகள் வேலை மாறுகிறவர்கள். 1972இல் சீதாராமையா குழு பரிந்துரைத்து, அடுத்தடுத்த ஆண்டுகளில் பச்சைத் தோலும் பாதி பதனிட்ட தோலும் வெளிநாடு போவதற்குக் கட்டுப்பாடு வந்தபோது, முழுத்தோலும் காலணியும் செய்தாக வேண்டிய நெருக்கடி தொழில் முழுவதற்கும் ஒரேயடியாக வந்தது. அதற்கான தொழில்நுட்பத்தைத் தனி ஒருவருக்கு விற்றிருந்தால் ஒரு கோடீஸ்வரர் கிடைத்திருப்பார், பாலாற்றங்கரை தொழிலை இழந்திருக்கும். பரவியதால்தான் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று இன்று பிரிந்து நிற்கும் மாவட்டங்களில் ஷூ ஃபேக்டரி வேன்கள் காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு போகின்றன.

சி.எல்.ஆர்.ஐ. பாதைக்கு ஒரு பெரிய குறை உண்டு. பயன்படுத்துகிறவரே பணம் போடுகிறவர் என்றால், அவருக்கு வலிக்காத பிரச்சினைக்குத் தீர்வு பிறக்காது. பிறந்தாலும் அலமாரியில் தூங்கும். பாலாறு கெட்டது டேனரிக்காரரின் கணக்குப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் வரவில்லை. கிணற்றுத் தண்ணீர் உப்பாகி விவசாயி நிலத்தை விட்டுப் போனதும் வரவில்லை. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லி ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. சுத்திகரிப்பு வசதி இல்லாதவை மூடப்பட்டன. அந்த ஆண்டுதான் டி. ராமசாமி சி.எல்.ஆர்.ஐ. இயக்குநரானார். டேனரி டேனரியாகப் போய், எதைச் சீராக்கினால் மீண்டும் திறக்கலாம் என்று விஞ்ஞானிகள் எழுதிக்கொடுத்தது அதற்குப் பின்னர். தொழில்நுட்பத்தில் பெரும்பகுதி அதற்கு முன்பே கையிருப்பில் இருந்தது. வாங்கவைக்க நீதிபதி தேவைப்பட்டார்.

இனி எதிர்வாசல்.

ஐஐடிக்கும் ஆரம்பத்தில் துணிகர முதலீட்டாளர்கள் கிடையாது. 1990களில் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் சக பேராசிரியர்களும் ‘டெனெட்’ என்ற குழுவாகச் சேர்ந்து ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரு தொலைபேசி இணைப்புக்கு ஏறக்குறைய 40,000 ரூபாய் முதலீடு தேவைப்படுகிறது. அது 10,000க்கு வராமல் சாதாரண வீட்டுக்கு போன் வராது. கம்பி இழுக்காமல் இணைப்புக் கொடுக்கும் கார்டெக்ட் என்ற முறையை அவர்கள் உருவாக்கினார்கள். முன்னாள் மாணவர்கள் நடத்திய மைடாஸ் நிறுவனம் கருவியைச் செய்தது. அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் சிப் செய்தது. பணத்துக்கு? இந்தியத் தயாரிப்பு நிறுவனங்களிடம் உரிமக் கட்டணத்தை முன்பணமாக வாங்கித்தான் ஆய்வே நடந்தது. அதாவது ஐஐடி முதலில் நடந்ததும் சி.எல்.ஆர்.ஐ. வழியில்தான்: செய்கிறவரிடமே காசு வாங்குவது.

கருவி வேலை செய்தது; பல நாடுகளுக்குப் போனது. ஆனால் கடைசியில் அதை வாங்க வேண்டியவர் தொலைத்தொடர்புத் துறை என்ற ஒற்றை ஆள். டேனரிக்காரர்களைப் போல நூறு பேர் இருந்து, ஒருவர் மறுத்தால் அடுத்தவரிடம் போகும் வசதி இல்லை. அந்த ஒற்றை ஆள் தயங்கிக்கொண்டிருந்த நேரத்தில் செல்போன் விலை சரிந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. இந்த அனுபவத்திலிருந்து ஐஐடி எடுத்த பாடம், வாங்குகிறவருக்காகக் காத்திருக்க முடியாது, சந்தையை உண்டாக்குகிற நிறுவனத்தையே பெற்றுப்போட வேண்டும் என்பது. அதற்கு வேறு வகைப் பணம் வேண்டும்.

தரமணி கனகம் சாலையில் 2010இல் திறந்த ஐஐடி ஆராய்ச்சிப் பூங்கா அந்தப் பாடத்தின் கட்டட வடிவம். நாட்டில் ஒரு பல்கலைக்கழகம் முன்னின்று எழுப்பிய முதல் ஆராய்ச்சிப் பூங்கா இது. ஸ்டான்போர்டைச் சுற்றி வளர்ந்ததைப் பார்த்து வந்த யோசனை என்றாலும் உள்ளே ஒரு நம்மூர்க் கண்டிப்பு இருக்கிறது. இடம் எடுத்த கம்பெனி வாடகை கட்டினால் போதாது. பேராசிரியரிடம் ஆலோசனை, மாணவருக்குப் பயிற்சி, கூட்டு ஆய்வு என்று கிரெடிட் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் கேள்வி வரும். 2013இல் தொடங்கிய இன்குபேஷன் செல், மாணவரும் பேராசிரியரும் தொடங்கும் நிறுவனங்களுக்கு இடமும் தொடக்கப் பணமும் கொடுத்துச் சிறு பங்கு வைத்துக்கொள்கிறது. 2024–25இல் மட்டும் நூறுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் அங்கே உருவெடுத்தன.

ஏதர் எனர்ஜி இந்தப் பாதையின் முழு நீளத்தையும் காட்டும். தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் ஐஐடியில் பொறியியல் வடிவமைப்பு படித்தவர்கள். 2013இல் மின்சார ஸ்கூட்டருக்கென்று தொடங்கினார்கள். 2014 தொடக்கத்தில் ஐஐடி, மத்திய அரசின் தொழில்நுட்ப மேம்பாட்டு வாரியம், ஏரோஸ்பைக் என்ற நிறுவனத்தைத் தொடங்கிய வி. சீனிவாசன் ஆகியோரிடமிருந்து 45 லட்சம் ரூபாய். அந்த ஆண்டு முடிவதற்குள் ஃபிளிப்கார்ட்டின் பன்சால்கள் 10 லட்சம் டாலர். 2015இல் டைகர் குளோபல் 1.2 கோடி டாலர். 2016இல் ஹீரோ மோட்டோகார்ப் 205 கோடி ரூபாய். ஸ்கூட்டர் ரோட்டுக்கு வந்தது 2018இல். 2025 மே மாதம் பங்குச் சந்தையில் ஏறியபோது தங்கள் பங்கில் ஒரு பகுதியை விற்றவர்களில் ஐஐடியின் இன்குபேஷன் செல்லும் இருந்தது. கடை பெங்களூரு, ஆலை ஓசூர். அடையாற்றில் விதைத்தது மாநில எல்லையான அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் காய்த்தது. சென்னைக்காரனாக இதில் எனக்குச் சின்ன வருத்தம் உண்டு. ஓசூர் நம்மூர்தானே என்ற சமாதானமும் உண்டு.

வரிசையைக் கவனியுங்கள். 45 லட்சம் போட்டவர் யாரும் ஸ்கூட்டர் ஓட்டப் போட்டவரல்ல. ஒவ்வொருவரும் அடுத்து வருகிறவருக்குத் தன் பங்கை உயர்ந்த விலைக்கு விற்க முடியும் என்று நம்பியவர், அல்லது அப்படி ஒரு சங்கிலி உருவாகட்டும் என்று விரும்பியவர். ஹீரோ மட்டும்தான் ஓரளவுக்கு டேனரிக்காரர் மாதிரி: தொழிலில் இருப்பவர், நாளைக்குத் தன் பெட்ரோல் வண்டிக்கு என்ன ஆகும் என்ற பயம் உள்ளவர். அவர் நான்காவது சுற்றில்தான் வந்தார்.

ஏதர் மாணவர்களின் யோசனை. பேராசிரியரின் பல வருஷ ஆய்வு அல்ல. ஆய்வே நிறுவனமானதற்கு அக்னிகுல் நல்ல உதாரணம். அமெரிக்காவில் நிதித்துறையில் வேலை பார்த்த ஸ்ரீநாத் ரவிச்சந்திரன் ராக்கெட் கட்ட வேண்டும் என்று திரும்பி வந்து, பேராசிரியர்கள் பலரைத் தொடர்புகொண்ட பிறகு, ஐஐடியின் விண்வெளிப் பொறியியல் பேராசிரியர் சத்யா சக்ரவர்த்தியிடம் வந்து சேர்ந்தார். மொயின் எஸ்.பி.எம். உடன் சேர 2017இல் நிறுவனம் எழுந்தது. சக்ரவர்த்தியின் எரிதல் ஆய்வு மையம் அதற்கு முன்பே அரசுப் பணத்தில் வளர்ந்திருந்தது. முதலீட்டாளர் வந்தபோது அவர் வாங்கியது பல வருஷத்துப் பொதுப்பணத்தின் பலனையும் சேர்த்துத்தான். முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக வார்த்த அரைக் கிரையோஜெனிக் எஞ்சினோடு, பல முறை ஒத்திப்போட்ட பிறகு, 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் சோதனை ராக்கெட் ஏறியது. தொடங்கி ஏழு வருஷம், அதுவும் சுற்றுப்பாதை வரை போகாத சோதனை. துணிகர நிதிக்கு வழக்கமாக 10 வருஷ ஆயுள் என்று வைத்துக்கொண்டால் அந்த முதலீட்டாளரின் தூக்கத்தை நினைத்துப் பாருங்கள்.

இரண்டு வழிக்கும் நடுவில் நிற்கிறவர் ஐஐடிப் பேராசிரியர் டி. பிரதீப். குடிநீரிலிருந்து பூச்சிக்கொல்லியை நீக்கும் அவருடைய நானோ வெள்ளி வடிகட்டியை யுரேகா ஃபோர்ப்ஸ் உரிமம் வாங்கி 2007இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது, அது சி.எல்.ஆர்.ஐ. வழி. ஆர்சனிக் நீக்கும் வேலைக்குச் சொந்தமாக இன்னோநானோ என்ற நிறுவனமே வந்தது; அமெரிக்காவின் நானோஹோல்டிங்ஸ் 2016இல் அதில் 1.8 கோடி டாலர் முதலீடு அறிவித்தது. ஒரே ஆய்வுக்கூடம், ஒரே தண்ணீர், இரண்டு வழியும். தண்ணீர் வடிகட்டியை வாங்க வீட்டுக்காரர் இருக்கிறார். ஆர்சனிக் கலந்த கிணற்றுக்குப் பஞ்சாயத்துதான் இருக்கிறது. வழி மாறியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று ஊகிக்கிறேன்.

இப்போது இரண்டையும் அருகருகே வைக்கலாம். தரமணி அறையில் முதலீட்டாளர் பத்து பன்னிரண்டு ஸ்லைடு பார்த்துவிட்டுக் கேட்கும் கேள்விகள் இவை: சந்தை எவ்வளவு பெரிது? காப்புரிமை யார் பெயரில், நிறுவனத்துக்குத் தனி உரிமம் உண்டா? பேராசிரியர் வேலையை விட்டு வருவாரா, இல்லையென்றால் முழுநேரமாக யார்? எக்ஸிட் எப்போது? துண்டு நறுக்கிக் கொதிநீரில் போட்டுப் பார்ப்பதற்கு அங்கே ஈடு கிடையாது. ட்யூ டிலிஜன்ஸ் என்று ஒரு மாதம் கழியும், அதுவும் பெரும்பாலும் காகிதத்தில். டேனரிக்காரர் சரக்கைச் சோதிக்கிறார், ஆளை ஏற்கெனவே தெரியும். துணிகர முதலீட்டாளர் ஆளைச் சோதிக்கிறார், சரக்கை நம்பித்தான் ஆக வேண்டும். அதனால் முதலாமவர் முன் நிற்கும் விஞ்ஞானி செலவைப் பேசக் கற்றார். இரண்டாமவர் முன் நிற்கிற விஞ்ஞானி, நன்றாகப் பேசுகிற ஓர் இளைஞரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளக் கற்றார்.

தோல்வியின் விலையும் வேறு. சி.எல்.ஆர்.ஐ. முறை ஒரு டேனரியில் சொதப்பினால் ஒரு லாட் தோல் கெடும், முதலாளி கத்துவார், விஞ்ஞானியின் சம்பளம் நிற்காது. ஐஐடியில் நிறுவனம் கவிழ்ந்தால் முப்பது வயதுக்காரர் பத்து பேர் வேலை தேடுவார்கள், முதலீட்டாளர் எழுதித் தள்ளிவிடுவார். ஆனால் ஜெயித்தால் கிடைப்பதும் அப்படியே. நாயுடம்மா பத்மஸ்ரீ வாங்கினார், சி.எல்.ஆர்.ஐ.யின் தாய் அமைப்பான சி.எஸ்.ஐ.ஆரின் தலைமை இயக்குநரானார், 1985 ஜூனில் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் வெடித்ததில் இறந்தார். கோடிக்கணக்கில் ஏற்றுமதி செய்த தொழிலில் அவருக்கென்று ஒரு பங்குகூடக் கிடையாது. அரசு ஆய்வுக்கூட விஞ்ஞானிகள் நிறுவனங்களில் பங்கு வைத்துக்கொள்ளலாம் என்று மத்திய அரசு இடம் கொடுத்தது 2009இல்தான். அந்த அனுமதி வந்தது சரி என்றுதான் நினைக்கிறேன். தியாகத்தை வேலை நிபந்தனையாக வைக்கக் கூடாது.

ஆனால் அந்த அனுமதிக்குப் பின் சி.எல்.ஆர்.ஐ. மாதிரி இடங்களிலும் ‘எத்தனை ஸ்டார்ட்அப் வந்தது’ என்று எண்ணத் தொடங்கிவிட்டார்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. எந்தக் கண்டுபிடிப்பு ஒருவர் கையில் இருந்தால் மதிப்பு கூடுமோ அதற்குத் துணிகரப் பணம் பொருந்தும். ராக்கெட் எஞ்சின், சிப், ஸ்கூட்டர். எது ஊர் முழுக்கப் பரவினால்தான் மதிப்போ, அதைத் தனி உரிமமாகக் கட்டி ஒரு கம்பெனிக்குக் கொடுத்தால் ஊருக்கும் பயனில்லை, கம்பெனிக்கும் பயனில்லை. டேனரிக் கழிவுநீர் இரண்டாவது வகை.

வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் ஒரு சொட்டுக்கூட வெளியே விடக் கூடாது என்ற விதிக்காகக் கழிவுநீரைச் சவ்வு வழியாக வடித்து, மிச்சத்தைக் காய்ச்சி வற்றவைக்கிறார்கள். முடிவில் நிற்பது உப்பு. சமையல் உப்பும் சல்பேட்டும் கரிமக் கழிவும் கலந்த பழுப்பு உப்பு. யாரும் வாங்குவதில்லை, மண்ணில் கொட்டவும் முடியாது, கொட்டகைகளில் குவிகிறது. இந்த வேலையின் ஆபத்தும் சாதாரணமில்லை. 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிட்கோவில் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 பேர் செத்துப்போனார்கள். இந்த உப்பைப் பிரித்துத் திரும்ப டிரம்முக்கே அனுப்பும் வழியைக் கண்டுபிடிக்கிறவர் டெமோ டேயில் ஏறினால், சந்தை எவ்வளவு பெரிது என்ற முதல் கேள்வியிலேயே இறங்கிவிடுவார். பாலாற்றங்கரை டேனரிகள்தான் சந்தை. ஆயிரம் கோடிக்கு வளராது.

ஆனால் வானிடெக், ரானிடெக், ஆம்பூர்டெக் என்று கம்பெனிச் சட்டப்படி பதிவான நிறுவனங்கள் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்த டேனரிக்காரர்களே பங்கு போட்டு ஆரம்பித்தவை. ஒவ்வொன்றிலும் பல டேனரிகள் பங்குதாரர்கள். பிரச்சினையும் அவர்களுடையது, செலவும் அவர்களுடையது, சோதித்துப் பார்க்க ஆலையும் அவர்களிடமே. புதிய 1 லட்சம் கோடித் திட்டத்தின் நிதி மேலாளர்கள் முதலீடு தேடிப் போகும் பட்டியலில் இப்படிப்பட்ட பயனாளர் நிறுவனங்களுக்கு ஓர் இடம் வைத்து, சோதனை ஆலைக்குப் பாதிப் பணத்தை நீண்டகாலக் கடனாகக் கொடுத்து, மீதிப் பாதியைப் பங்குதாரர் டேனரிகளைப் போடச் சொன்னால் போதும். சி.எல்.ஆர்.ஐ. விஞ்ஞானி தனியாகக் கம்பெனி தொடங்கி முழுநேர நிறுவனரைத் தேடி அலைய வேண்டியதில்லை. ராயல்டியில் அவருக்கு ஒரு பங்கு எழுதிக்கொடுக்க இப்போது விதியும் தடையாக இல்லை.